ஆடுமயிலும் ஆடுகளமும்

(திருவொற்றியூரில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

 

மயிலும் ஆடற்கலையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இதனைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் உள்ளுக்குள் நகைத்திருக்கலாம். தெற்கே துறைமுகம், வடக்கே அனல்மின் நிலையங்கள், இடையே இரவென்றும் பகலென்றும் பாராது ஓடும் சரக்குந்துகள். இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையே மூச்சுவிடவே காற்றைத் தேடும் நாம், மயிலின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதா? ஆம், நாம்தாம் பேச வேண்டும். ஏன் என்பதை முடிவிற் சொல்வேன். அதற்கு முன், ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் இழைத்த பிழைகள் இரண்டினை இவ்வவையின்முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, இப்பகுதிப் பள்ளியொன்றில், அகநானூற்றின் 82-ஆம் பாட்டை மேல்வகுப்பு மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்தேன். கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை. அதன் பொருளை என் சொற்களிற் சொல்கிறேன். அசையும் மூங்கிலில் வண்டு துளைத்த துளைகள். அவற்றில் மேல்காற்று நுழைகிறது, குழல் பிறக்கிறது. அருவி விழும் ஓசை முழவாகிறது. கலைமான் கூட்டத்தின் கடுங்குரல் தூம்பாகிறது. மலைச்சாரற் பூக்களில் மொய்க்கும் வண்டு யாழாகிறது. இவ்வின்னிசை கேட்டு மந்திகள் அவையாகத் திரண்டு வியந்து நோக்குகின்றன. அவற்றின்முன், மூங்கில் வளரும் மலைப்பக்கத்தில் உலவி ஆடுகிறது ஒரு மயில். அரங்கினுள் புகும் விறலியைப் போல் அது தோன்றுகிறது என்கிறார் புலவர்.

இதனை நான் உரத்த குரலில் விளக்கி முடித்தேன். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, நீங்கள் மயில் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். நான் பார்த்ததில்லை. உயிர்க்காட்சிச் சாலைக் கம்பிக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற மயிலைப் பார்த்திருக்கிறேன். ஆடும் மயிலைப் பார்த்ததில்லை. ஆயினும், "பாட்டைக் கவனி, தம்பி" என்று சொல்லி அமர்த்திவிட்டேன். இது முதற் பிழை.

அவன் அமரவில்லை. "எங்கள் பாட்டி சொல்லும் மயில் பச்சையாக இருக்குமாம் ஐயா, கழுத்தும் பச்சையாம். பெட்டையும் பச்சையாம்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "மயிற்கழுத்து நீலமப்பா, பாட்டிக்குக் கண் மங்கியிருக்கும்" என்றேன். இது இரண்டாம் பிழை. முதற் பிழையினும் பெரிய பிழை.

அம்மாணவனின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1962-இல் அங்குப் படையாட்சி ஏற்பட்டு, 1964-இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்டபின், தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழர் வெறுங்கையராய்க் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியதை நீங்கள் அறிவீர்கள். வியாசர்பாடியிலும் வடசென்னையின் பிற பகுதிகளிலும் அவர்கள் குடியமர்ந்தனர். அப்பாட்டி தம் இளமையில் அந்நாட்டுக் காட்டோரத்தில் கண்ட பறவையைத்தான் பேரனுக்குச் சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன்: உலகில் மயிலினம் ஒன்றன்று. நம் நாட்டு நீலமயில் ஒன்று. பர்மா தொடங்கிச் சாவகத் தீவுவரை வாழும் பச்சை மயில் மற்றொன்று. அதன் கழுத்து மீன்செதிள் போன்ற பச்சை இறகுகளால் ஆனது. அதன் கொண்டை விசிறிபோல் விரியாது. கதிர்போல் நேரே நிற்கும். பெட்டையும் பச்சையே, நீண்ட தோகை மட்டும் அதற்கில்லை. பாட்டி சொன்னது முற்றும் மெய். கண் மங்கியிருந்தது எனக்கு.

அன்பர்களே, இவ்விரு பிழைகளும் என்னுடையவை மட்டும் அல்ல என்று அஞ்சுகிறேன். சொல்லைக் காப்பதில் நாம் விழிப்பாக இருக்கிறோம். அச்சொல் சுட்டும் பொருளைக் கண்டறிவதிலும் காப்பதிலும் அவ்விழிப்பு நமக்கு உண்டா என்பதே இன்று நான் எழுப்பும் வினா.

மயில்பற்றி நம் மொழி வைத்திருக்கும் செல்வத்தைப் பாருங்கள். மயில், மஞ்ஞை, தோகை, பீலி என்று பெயர்கள். அதன் குரலுக்கு அகவல்; அதன் ஆட்டத்திற்கு ஆலுதல். அந்த அகவல் என்னும் சொல்லே நம் பாவகைகளுள் மூத்ததாகிய ஆசிரியப்பாவின் ஓசைக்கும் பெயராயிற்று. வடமொழி 'மயூரம்' தமிழிய மொழிகளினின்று சென்றதே என்று சொல்லாய்வாளர் பலர் கொள்வர். சாலமோன் அரசரின் கப்பல்கள் கொணர்ந்தனவாக எபிரேய மறைநூல் கூறும் 'துகி' என்பது நம் தோகையே என்று 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எழுதினார். இதனை மறுப்பாரும் உளர். ஆயினும், துறைமுகத்தில் வாழும் நாம் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும். கப்பலேறிச் சென்ற பறவையோடு அதன் பெயரும் சென்றது என்பது கால்டுவெல் கண்ட முடிவு.

இன்னும் ஒரு நுட்பம். தொல்காப்பிய மரபியல், சிறகுடைய பறவைகளின் ஆணைச் 'சேவல்' எனலாம் என்று விதித்துவிட்டு, மயிலை மட்டும் அதனின்று விலக்குகிறது. ஏன்? தோகையும் சாயலும் உடைமையால் ஆண்மயில் பெண்மை தோன்ற நிற்பது என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்குவார். ஆடுவது ஆண்மயில், கபிலர் உவமித்ததோ விறலியை, ஓர் ஆடல்மகளை. இலக்கணமும் பாட்டும் இங்கே கைகோத்து நிற்கின்றன. காட்டில் நின்று கண்டவர் வகுத்த இலக்கணம் இது. ஏட்டை மட்டும் கண்டவர்க்கு இத்தகைய விலக்கு தோன்றியிராது.

ஆகவே நானும் காணப் புறப்பட்டேன். ஓர் ஆனித் திங்களில், விடுமுறை நாளொன்றில், திருச்சிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட விராலிமலைக்குச் சென்றேன். மயில்களுக்குப் பெயர்போன முருகன் குன்று அது. கோயிலைச் சார்ந்த ஆடல் மரபுக்கும் பெயர்போனது. அம்மரபில் வந்த சதிராட்டக் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் 2022-இல் நடுவணரசின் பத்மசிரீ விருது பெற்றவர். 'விறலியும் மயிலும் வாழ்ந்த மலை. எனவே விறலிமலை' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஊர்ப்பெயர் இடையின ரகரத்தால் ஆவது. விராலி என்னும் செடியால் வந்த பெயர் என்பர். ஆசைக்காகச் சொல்லைத் திரித்தல் தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

அங்கு ஒரு பாறையருகில் கண்டேன். மயில் முதலில் பெட்டைக்கு முதுகையே காட்டி நின்றது. மெல்லத் திரும்பியது. விரிந்த தோகை முழுதும் நடுங்கிற்று. காய்ந்த சருகின்மேல் தூறல் விழுவது போன்ற ஓர் ஒலி எழுந்தது. எந்த உரையிலும் நான் படித்திராத ஒலி அது. பெட்டையோ தரையில் தவசத்தைக் கொத்திக்கொண்டிருந்தது, ஒருமுறை தலைநிமிர்ந்தது, மீண்டும் கொத்திற்று. மயில் சளைக்கவில்லை. மீண்டும் திரும்பி, மீண்டும் தொடங்கிற்று.

நான் கேட்ட அவ்வொலியை அறிவியலார் அளந்திருக்கின்றனர். தோகை என்று நாம் சொல்வது மயிலின் வால் அன்று. வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகள் நீண்டு வளர்ந்தவை. உண்மையான வால் குறுகியது. அது பின்னே நின்று தோகையைத் தாங்குகிறது. ஆடும்போது மயில் அவ்விறகுகளை நொடிக்கு ஏறத்தாழ 25 முறை அதிரச் செய்கிறது என்று 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அவ்வளவு அதிர்விலும் பீலிக்கண்கள் மட்டும் அசையாதனபோல் நிற்கும். சுற்றியுள்ள இழைகளே மினுமினுக்கும். மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் அதனின்று எழுகிறது. பீலியின் நீலமும் பச்சையும் சாயத்தால் ஆனவையல்ல. இறகின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுபவை. மழைக்காலம் கழிந்ததும் இத்தனை அழகும் உதிர்ந்துவிடும். அடுத்த பருவத்துக்குள் மீண்டும் முளைக்கும்.

இவ்வளவு சுமை ஏன்? பறக்கத் தடை, பகைக்கு அழைப்பு. ஆங்கில நாட்டு அறிஞர் சார்லசு தார்வினை இவ்வினா வாட்டிற்று. மயிற்பீலியைக் கண்டாலே தமக்கு உடல்நலம் குன்றுவதாக 1860-இல் நண்பர் ஒருவர்க்கு அவர் எழுதினார். 1871-இல் வெளியிட்ட நூலில் விடையும் சொன்னார்: தேர்ந்தெடுப்பது பெட்டை. எண்ணற்ற தலைமுறைகளாகப் பெட்டைகள் தேர்ந்த தேர்வே தோகையாக வளர்ந்தது.

இதனைப் படித்தபின் மீண்டும் கபிலரிடம் வந்தேன். முப்பதாண்டு நடத்திய பாட்டில் நான் காணாத ஒன்று அப்போது தெரிந்தது. மயிலாட்டம் அப்பாட்டின் முன்பகுதி மட்டுமே. பின்பகுதியில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் மாலையணிந்து, வில்லேந்தி, தன் அம்பு பட்ட யானை சென்ற வழியை வினவித் தினைப்புனத்தருகே நின்றான். அவனைக் கண்டவர் பலர். அவருள் நான் ஒருத்தி மட்டும் இரவெல்லாம் கண்ணீரொடு தோள் மெலிவது ஏன் என்கிறாள். பலர் பார்த்தனர், ஒருத்தியின் நெஞ்சே பற்றியது. தார்வினுக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே, மயிலின் ஆட்டத்தையும் ஒரு பெண்ணின் நெஞ்சம் தேர்வதையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் கபிலர். அவர் அறிவியல் எழுதினார் என்று நான் பெருமை பேச வரவில்லை. அவர் கண்டார், உற்றுக் கண்டார், அவ்வளவே. அதுவே போதும்.

கண்டதனாலேயே மக்களும் ஆடினர். நம் முருகன் கோயில் விழாக்களில், நையாண்டி மேளத்தோடு, பீலி உடை தரித்து, கயிற்றை இழுத்தால் திறந்து மூடும் அலகு பொருத்தி ஆடும் மயிலாட்டம் அப்படிப் பிறந்தது. பச்சை மயில் வாழும் நாடுகளிலும் இதுவே வரலாறு. பர்மிய அரசர் தோகை விரித்த மயிலைத் தம் காசுகளிற் பொறித்தனர். சீனத்தின் யுன்னான் பகுதியில் 'தை' என்னும் இனத்தார் மயிலாட்டத்தைத் தம் தனிக்கலையாகப் போற்றுகின்றனர். சாவகத் தீவின் மேற்கே, சுண்டா மக்களிடையே, மயில் இணையை விழைந்து ஆடுவதையே கருவாகக் கொண்ட ஓர் ஆடலை 1950-களில் சேச்சே சோமந்திரி என்னும் ஆடலாசிரியர் அமைத்தார். ஆண்மயிலின் ஆட்டத்தை அங்கும் பெண்களே ஆடுகின்றனர்! அத்தீவின் கிழக்கே, புலித்தலை முகமூடியின்மேல் ஆளுயரப் பீலிவிசிறி அமைத்து, அப்பெருஞ்சுமையைப் பல்லாற் கடித்துத் தாங்கி ஆடும் 'ரெயோக்' என்னும் கூத்து உண்டு. உடனே காக்கப்பட வேண்டிய கலைகளின் பட்டியலில் யுனெசுகோ 2024-இல் அதனைச் சேர்த்தது.

ஆடல்கள் வாழ்கின்றன, ஆடல் கற்பித்த பறவை அருகிவிட்டது. மலேயத் தீவக்குறையில் பச்சை மயில் அடியோடு அற்றுப்போயிற்று. காடழிப்பும் வேட்டையும் அதனைச் சிதறிய சிறு கூட்டங்களாக்கிவிட்டன. 2009 முதல் பன்னாட்டு இயற்கைக் காப்பு ஒன்றியம் அதனை அழிவுக்குள்ளாகும் உயிரினமாக வரிசைப்படுத்தியுள்ளது. யுன்னானில் அதன் வாழ்விடமான ஆற்றுப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவிருந்த ஓர் அணைக்கு எதிராக, 2017-இல் இயற்கை ஆர்வலர் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. அப்போது சீனம் முழுதும் எஞ்சியவை 500-க்கும் குறைவென்று கணக்கிடப்பட்டது. 2020-இல் குன்மிங் நகர வழக்குமன்றம் அணைப்பணியை நிறுத்துமாறு தீர்ப்பளித்தது. மேல்மன்றமும் அதனை உறுதிசெய்தது. மேடையில் மயிலாட்டம் கண்டு கைதட்டிய ஒரு நாட்டில், மயிலுக்காக வழக்காடவும் சிலர் முன்வந்தனர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

'அது பச்சை மயிலின் துயரம். நம் நீலமயிலுக்கு என்ன குறை?' என்று கேட்பீர்கள். 1963-இல் அது இந்தியாவின் நாட்டுப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டம் அதற்கு உயரிய காப்பளித்தது. மெய்தான். அதன் எண்ணிக்கையும் பெருகியுள்ளது. கோவைப் பக்கத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் உழவர் அதனைச் சபிக்கும் அளவுக்குப் பெருகியுள்ளது. விதைத்ததைக் கொத்துகிறது, முளைத்ததைக் கிளறுகிறது என்பது அவர்தம் முறையீடு. அவர்களைக் கடிய எனக்கு வாய் வரவில்லை; இழப்பு அவர்களுடையது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கபிலரின் மயில் இருக்கிறது. அதன் குழல் எங்கே? முழவு எங்கே? மூங்கிற் காடுகள் எங்கே? மலைச்சாரல்களில் தேயிலையும் காப்பியும் தைலமரமும் ஏறின. மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பல கற்பாளங்களாக அறுக்கப்பட்டன. விராலிமலையில் நான் கண்ட மயிலுக்குப் பின்னணியாய் ஒலித்தது அருவியன்று. நெடுஞ்சாலைப் பேருந்தின் ஊதுகுழல்! கூத்தி இருக்கிறாள், அரங்கு இடிந்துவிட்டது. கீழ்த்திசை நாடுகளில் களத்தோடு ஆடுநரும் அழிந்துவருகிறது. இங்கு ஆடுநர் தப்பிக் களம் அழிந்தது. இரண்டும் ஒரே நோயின் இருவேறு நிலைகள்.

இனித் தொடக்கத்திற் சொன்ன 'ஏன்' என்பதற்கு வருகிறேன். நாம் வாழ்வது குறிஞ்சியன்று; நெய்தல். கொசத்தலையாறு என்று வழங்கும் கொற்றலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழியே நம் களம். அதன் வடக்கே பழவேற்காடு. அங்கு வந்து தங்கும் பூநாரைகளும் ஆடும் பறவைகளே. இணைதேடும் பருவத்தில் அவை கூட்டமாகக் கழுத்துயர்த்தி, தலையை இடமும் வலமும் வெட்டித் திருப்பி, அணிவகுத்து நடக்கும். ஒருசேரச் சிறகு விரித்துச் செந்நிறம் காட்டும். நம் கழியோ அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்துவருகிறது. 2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கலந்து இக்கழியிற் பரவியபோது, அலையாத்தி மரங்கள் கருகினாற்போல் நின்றதையும், கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப் பறக்கமாட்டாது தவித்ததையும், மீனவர் வலையும் படகும் பாழானதையும் நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். சிறகு விரிக்க முடியாத பறவை எதனைக் கொண்டு ஆடும்? அதனைக் காணாத குழந்தை எதனைக் கண்டு ஆடும்?

நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் மயிலாட்டம் உண்டு. மின்னும் நெகிழித்தாளில் தோகை செய்து, திரைப்பாட்டுக்கு ஆட்டுகிறோம். பிள்ளைகள்மேற் குற்றமில்லை. முதுகு காட்டித் திரும்பும் அந்நடையை, உதறி அதிரும் அவ்வொலியை அவர்களுக்கு யார் காட்டினோம்?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியப் பெருமக்களே, திணையை நடத்துமுன் ஒரு நாளேனும் மாணவரைத் திணைக்குள் அழைத்துச் செல்லுங்கள். எண்ணூர்க் கழி நமக்கு நடந்து செல்லும் தொலைவே. பெற்றோர்களே, மயிலாட்டக் கலைஞரை விழாவுக்கு அழைத்தால், ஆட்டத்தோடு விடாமல் அக்கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் கேளுங்கள். அதற்குரிய கூலியைக் குறைக்காமற் கொடுங்கள். அன்பர்களே, பிறமொழிச் சொல் ஒன்று தமிழில் புகுந்தால் கொதித்தெழும் நாம், நம் கழியில் நஞ்சு புகும்போதும் மீனவரோடு நின்று குரல் கொடுப்போம். நாரை என்னும் சொல்லைக் காத்து நாரையை இழந்தால், அகரமுதலி ஒரு கல்லறைப் பட்டியல் ஆகிவிடும்.

இறுதியாக ஒன்று. அம்மாணவன் இன்று துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறார். சில ஆண்டுகளுக்கு முன் தேரடியில் எதிர்ப்பட்டார். "தம்பி, உன் பாட்டி சொன்னது சரி; நான் சொன்னதுதான் பிழை" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "பாட்டி போய்ப் பத்தாண்டாயிற்று ஐயா. கடைசிவரை அந்த மயிலைப் பற்றிச் சொல்லும். நாங்கள்தான் நம்பவில்லை" என்றார்.

கண்டவர் சொன்னதைக் காணாத நான் மறுத்தேன். ஒரு குடும்பமே தன் பாட்டியை ஐயுற்றது. அப்பாட்டியிடம் பொறுத்தருளுமாறு கேட்க இனி வழியில்லை. உங்கள்முன் கேட்டுக்கொள்கிறேன். நம் பேரக்குழந்தைகள், நாம் சொல்லும் நாரையையும் கூழைக்கடாவையும் கட்டுக்கதை என்று நகைக்கும் நாள் வாராதிருக்கட்டும்.